எழுதிய பெயரை அழிக்காதவன்

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு, திருவள்ளூர் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போக நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. நம் பத்தாம் வகுப்புக் குழுவில் முரளி போட்டிருந்தான்: "நம்ம லீடர் போயிட்டான்." பெயர் போடவில்லை. தேவையும் இல்லை. நம்மோடு படித்தவர்களில் இன்று வார்டுக்கு ஒரு தலைவர், சங்கத்துக்கு ஒரு தலைவர் இருக்கிறார்கள். ஆனாலும் லீடர் என்றால் நமக்குக் குமரவேல் ஒருவன்தான்.

எதிர் நடைமேடைக்குப் போய் நம் ஊர் திருத்தணிக்குப் போகும் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். குழுவில் வரிசையாக இரங்கல்கள் வந்துகொண்டிருந்தன. மணவூர் தாண்டும்போது ஒருவன், "இனிமே அங்க போய் நம்ம பேரெல்லாம் எழுதிகினு இருப்பான்" என்று போட்டான். அரை நிமிடத்தில் அதை அழித்தும்விட்டான். யார் என்று சொல்லப் போவதில்லை. போட்டுவிட்டு அவன் மட்டும் பயந்திருக்க மாட்டான், படித்த நாம் எல்லோருமே பயந்திருப்போம். அந்தப் பயத்துக்கு நான்தான் பொறுப்பு. அதைச் சொல்லத்தான் இந்த நினைவு மலரில் இடம் கேட்டேன்.

இதைக் குமரவேலின் மகள் பவித்ராவும் படிப்பாள். அவளுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே போனால், லீடர் எழுந்து கரும்பலகைப் பக்கம் நிற்க வேண்டும். பேசுகிறவர்கள் பெயரை எழுத வேண்டும். திரும்பவும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஆசிரியர் வந்து பட்டியலைப் பார்த்து அடிப்பார். எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம்தான். மற்ற லீடர்கள் நம்மைப் பார்த்தபடி நின்று, வாய் அசைகிறவனைப் பிடிப்பார்கள். குமரவேல் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். காதாலேயே எழுதுவான். ஐம்பத்தெட்டு பேரின் குரலும் அவனுக்குத் தெரியும். கிசுகிசுத்தாலும் தெரியும், மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாலும் தெரியும். ஒருமுறைகூட ஆள் மாற்றி எழுதியதில்லை. எலந்தவடை வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். தின்றுவிட்டு எழுதினான். அழிக்கச் சொல்லிக் கெஞ்சினால், "எழுதினா எழுதினதுதான். அழிக்கிறது சார் வேல" என்பான். பதினைந்து வயதில் அப்படி ஒரு பிடிவாதம்.

எனக்கு வேறு ஒரு வித்தை தெரியும். யார் குரலையும் பேசுவேன். தலைமையாசிரியர், மலைக்கோயில் ஒலிபெருக்கியில் பக்தர்களைக் கூப்பிடுகிறவர், பஸ் ஸ்டாண்டில் முறுக்கு விற்கிறவர் என்று எல்லோரும் என் தொண்டையில் இருந்தார்கள். எல்லோரையும்விட எனக்கு நன்றாக வந்தது தாமோதரன் குரல். கே.ஜி.கண்டிகை தாமு கடைசி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன் என்பதால் அவன் தமிழ் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வரும். போதாததற்கு அந்த வருஷம் குரல் வேறு உடைந்துகொண்டிருந்தது. கையில் கடிகாரம் கிடையாது. பீரியடுக்கு நாலு தடவை, "டைம் இன்னா ஆச்சுபா?" என்று கேட்பான். என்னிடமும் கடிகாரம் கிடையாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஆடிக் கிருத்திகை முடிந்த மறுநாள் அது. ஊர் முழுக்க வாடிய பூவும் கற்பூர வாசனையும். வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. தாமுவும் வரவில்லை. கடைசி பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். மூன்றாவது பீரியடில் சார் வெளியே போனதும் குமரவேல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினான். முதலில் முரளி பெயரை எழுதினான். எனக்கு ஒரு எண்ணம் வந்தது. முதுகைக் காட்டி நிற்கிற இவனை ஒரு தடவையாவது ஏமாற்ற வேண்டும். தலையைக் குனிந்து, பக்கத்து பெஞ்சுக்குக்கூடக் கேட்காதபடி, தாமு குரலில், "டைம் இன்னா ஆச்சுபா?" என்றேன்.

பலகையில் என் பெயர் விழுந்தது. சம்பத். ஏமாறவில்லையே என்று எனக்கு எரிச்சல். ஆனால் சாக்பீஸ் நிற்கவில்லை. என் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரை எழுதியது. தாமோதரன். சிரிப்பை அடக்க முடியாமல் நான் டெஸ்க்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் எதற்கோ என்னை எழுதிவிட்டான், இப்போது குரலைக் கேட்டு தாமுவையும் எழுதிவிட்டான் என்றுதான் கணக்குப் போட்டேன்.

முரளிதான் முதலில் கவனித்தான். "டேய் லீடர், தாமு வரவே இல்லடா" என்றான். குமரவேல் திரும்பினான். கடைசி பெஞ்சைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். என்னை அறியாமல் நான் சுவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். எதற்கு நகர்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"பேசினான். எழுதினேன்" என்றான் குமரவேல்.

மதியம் சாப்பாட்டு வேளையில் உண்மையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் நாலாவது பீரியடில் கண்டிகைக்காரர் ஒருவர் மொபெட்டில் வந்தார். காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன தாமு, மோட்டார் கொட்டகைப் பக்கம் அறுந்து கிடந்த கம்பியை மிதித்துவிட்டான். நமக்கு முதல் மணி அடிப்பதற்கு முன்பே உயிர் போய்விட்டது. அதைச் சொல்ல வந்த சார் பேச வாயைத் திறந்து, பலகையைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். டஸ்டரைக் கையில் எடுத்தார். திரும்ப மேசைமேல் வைத்துவிட்டு நம்மை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

மறுநாளும் அந்தப் பெயர் பலகையில் இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. வந்த ஆசிரியர்கள் எல்லோரும் அந்த மூலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதினார்கள். கணக்கு வாத்தியாருக்குக் கடைசி வரிக்கு இடம் போதாமல் போனபோதும் பெயரைத் தொடவில்லை. உங்களுக்கும் நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை பலகைக்குக் கோவை இலையும் கரியும் பூசும் முறை யாருக்கோ இருந்தது. அவன் அழுதுவிட்டான். குமரவேல்தான் தனியாக இருந்து பூசினான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகை முழுக்கப் பூசிவிட்டு அந்தப் பெயரைக் கடைசியாக வைத்துக்கொண்டான். பூசி முடித்து, காலி பெஞ்சைப் பார்த்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்பது எனக்குக் கேட்கவில்லை.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் கதை ஊருக்குள் போய்விட்டது. குமரவேலின் அம்மா அவனை எங்கோ கூட்டிக்கொண்டு போய் தாயத்து கட்டிவிட்டார். அவனோடு ஒரே சைக்கிளில் போக ஆள் இல்லை. பேய் லீடர் என்று பெயர் வைத்தோம். வைத்தவர்களில் நானும் உண்டு, மறைக்கவில்லை. லீடர் பதவியை மட்டும் அவனிடமிருந்து யாரும் பறிக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சாக்பீஸைத் தொட யாரும் தயாராக இல்லை. அதற்குப் பிறகு அவன் பலகைப் பக்கம் திரும்பினால் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. பள்ளியிலேயே ஒழுக்கமான வகுப்பு என்று தலைமையாசிரியர் நம்மைப் பாராட்டினாரே, அது இப்படி வந்த ஒழுக்கம்.

ஒரு மாதம் கழித்து தாமுவின் அப்பா பள்ளிக்கு வந்தார். அவர்கள் வீட்டில் தகப்பனையும் நைனா என்பார்கள், பிரியமாகப் பிள்ளைகளையும் நைனா என்பார்கள். தண்ணீர்த் தொட்டி அருகில் குமரவேலை நிறுத்தி, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"நைனா, எங்க பையன் இன்னா சொன்னான்பா?"

இரண்டு கை தூரத்தில் நான் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். குமரவேல் கொஞ்சம் யோசித்தான். "டைம் இன்னா ஆச்சுன்னு கேட்டான்பா" என்றான்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டிலும் இப்படித்தான் ஓயாமல் கேட்பான் என்று சொல்லிச் சொல்லி அழுதார். என் பாத்திரம் நிரம்பி வழிந்தது. அது நான் சொன்ன வார்த்தை. செத்துப் போன பிள்ளையின் கடைசி வார்த்தை என்று ஒரு தகப்பன் அதை வாங்கிக்கொண்டு போனார். எனக்குப் பயமாக இருந்தது, கேவலமாகவும் இருந்தது. வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போனேன்.

அன்றோடு குரல் வித்தையை விட்டேன். எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். எனக்கு இப்படி ஒரு வித்தை தெரியும் என்று என் மனைவிக்கே தெரியாது. அலுவலகக் கூட்டத்தில் யாராவது எழுதுவதற்காகப் பலகைப் பக்கம் திரும்பினால் என் பேச்சு பாதியில் நிற்கும். மேலதிகாரி என்னை அடக்கமானவர் என்று குறிப்பு எழுதியிருக்கிறார். முரளி இன்றைக்கும் ஆளில்லாத நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார மாட்டான், கல்யாண வீட்டில் கவனித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஐம்பது வயதில் தலை நரைத்து உட்கார்ந்திருக்கும்போதும் அந்தப் பத்தாம் வகுப்பு அறைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

குமரவேல் பஸ் கண்டக்டர் ஆனான். உள்ளூரில் இரண்டு இடத்தில் பெண் கேட்டுப் பழைய கதையால் தட்டிப்போய், முப்பத்தாறு வயதில் தூரத்து ஊரிலிருந்து தனலட்சுமியைக் கட்டினான். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில்தான் பெரும்பாலும் ஓடினான். எல்லோரும் ஏறிய பிறகும் விசில் கொடுக்க மாட்டான். படியில் நின்று, வந்த வழியையே பார்ப்பான். பத்து எண்ணும் நேரம் இருக்கும். டிரைவர் கத்துவார், பயணிகள் கத்துவார்கள். "இருங்க, ஒருத்தர் வந்துகினு இருக்காரு" என்பான். தறி வேலைக்குப் போகும் பெண்களுக்கு அவன் பஸ் என்றால் உயிர். கொஞ்சம் பிந்தினாலும் பிடித்துவிடலாம்.

ஏழெட்டு வருஷம் முன்பு ஒருமுறை அந்த பஸ்ஸில் போனேன். கண்டிகை நிறுத்தத்தில் அதேபோல நின்றான். சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. டிரைவர் ஆரன் அடித்தார். இவன் அசையவில்லை. அப்போது கரும்புத் தோட்டத்துக்குள்ளிருந்து, காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்து ஏறினாள். அவள் வருவது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "எனக்கு எங்கடா தெரியும்? முக்காவாசி நாளு யாரும் வர மாட்டாங்க" என்றான். பிறகு, "கூப்ட்ட மாதிரி இருந்தா நிக்கணும். யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்றான்.

அன்றைக்கு மீதி வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் குனிந்து சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, இவன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கிறான். ஒரு ஆளின் ஆயுசையே கோணலாக்கி வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. இறங்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்து, சொல்லாமல் இறங்கினேன்.

இரண்டு மாதம் முன்பு, சிறுநீரகம் பழுதாகி அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது போய்ச் சொன்னேன். பகல் பதினொரு மணி. ரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் சிரித்தான்.

"தெரியும்டா" என்றான். "உன் பேர எதுக்கு எழுதினேன்னு நெனச்சே? நீ தாமு மாதிரி டைம் கேட்டே. நல்லாத்தான் கேட்டே. ஆனா அவன் கேக்கச்சொல்ல கொஞ்சம் மூச்சு எளைக்கும், உனக்கு எளைக்கல. அதான் உன் பேர எழுதினேன். எழுதி முடிச்சப்புறம்தான் அவன் பேசினான்."

என்ன பேசினான் என்று கேட்டேன்.

"'இருங்கடா, வந்துகினு இருக்கேன்'னான்."

தாமுவின் அப்பாவிடம் வேறு மாதிரி சொன்னாயே என்றேன். குமரவேல் கண்ணை மூடிக்கொண்டான்.

"நீ கேட்டத எடுத்து அவருகிட்ட சொல்லிட்டேன். வந்துகினு இருக்கேன்னு சொன்னான்னு சொன்னா, அந்த மனுசன் சாவுற வரைக்கும் தெருவப் பாத்துகினே நின்னுருப்பாரு. அவருக்குப் பதிலா நான் நின்னேன், அவ்ளோதான்."

இதையெல்லாம் நம் பையன்களுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதறதுன்னா பேசின ரெண்டு பேரையும் எழுது. ஒருத்தன விட்டுட்டு எழுதாத" என்றான். அதனால்தான் இரண்டையும் எழுதியிருக்கிறேன். இதில் எதை நம்புவது என்று என்னைக் கேட்காதீர்கள். என் குற்ற உணர்ச்சியைப் போக்க அவன் அந்த நிமிடத்தில் இட்டுக்கட்டிச் சொன்னதாக இருக்கலாம். அப்படிச் செய்யக்கூடியவன்தான். அந்தக் குரலை அவன் உண்மையிலேயே கேட்டதாகவும் இருக்கலாம். முதலாவதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. இரண்டாவதை நினைத்தால் பட்டப்பகலிலும் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆர்.கே.பேட்டையில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு எழுந்ததும் பவித்ரா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, நீங்க யாரு கொரல்ல வேணும்னாலும் பேசுவீங்கன்னு அப்பா சொல்லிருக்காரு. ஒரு தடவ அவரு மாதிரி பேசறீங்களா?" என்றாள். மறந்துவிட்டது என்று சொன்னேன். சரி மாமா என்று சொல்லிவிட்டு இலை எடுக்கப் போய்விட்டாள். மகளே, உனக்குப் பொய் சொன்னேன். உன் அப்பாவின் குரல் எனக்கு மறக்கவில்லை.

திரும்பி வர அதே டவுன் பஸ். பிற்பகல் மூன்று மணி, பத்துப் பேர்கூட இல்லை. கடைசி இருக்கையில் நான் தனியாக இருந்தேன். கண்டிகை நிறுத்தத்தில் பஸ் நின்றது. யாரும் கவனிக்க மாட்டார்கள், அவன் குரலை ஒரு தடவை முணுமுணுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். வந்தால் நாளைக்கே போய் பவித்ராவுக்குப் பேசிக் காட்டிவிடலாம். இன்னும் உதட்டைப் பிரிக்கவில்லை.

இரண்டு வரிசை முன்னால் மடியில் தறிக்குப் போகும் பாவு நூல் மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெண் சட்டென்று திரும்பினாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"இப்ப 'இருங்க'ன்னு சொன்னது நீங்களாங்க?" என்றாள். "எங்க கண்டக்டர் அண்ணன் கொரல் மாதிரியே இருந்துச்சு."

நான் எதுவும் பேசியிருக்கவில்லை. அது எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. பேசிவிட்டு, நான் பேசவில்லை என்று முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் நான். பேசவில்லை என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அதுதான் சத்தியம். சொன்னால், அந்தப் பெண் இனி எந்த பஸ்ஸில் ஏறினாலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஆங், நான்தாம்மா சொன்னேன்" என்றேன்.

அவள் மூச்சு விட்டாள். பயந்தே போய்விட்டேன் என்று சிரித்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கண் சொக்கியது. விசில் கேட்டு பஸ் புறப்பட்டது. நான் திருத்தணி வரும்வரை பக்கத்து இருக்கையில் என் பையைக்கூட வைக்கவில்லை.

குமரவேலிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பொய்தான். தண்ணீர்த் தொட்டி அருகில் அவன் சொன்னதை இரண்டு கை தூரத்தில் நின்று கேட்டவன் நான். அதைச் சொல்ல அவனுக்குப் பதினைந்து வயது போதுமாக இருந்தது. எனக்கு ஐம்பது ஆக வேண்டியிருந்தது.